மாணவர்களின் சொந்தக் கதைகளைச் சமூகப்பணி வகுப்பில் பயன்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

சமூகப்பணி படிக்க வருபவர்களில் பலர் வெறுங்கையோடு வருவதில்லை. நோயில் கிடந்த பெற்றோரைக் கவனித்தவர், காப்பகத்தில் வளர்ந்தவர், குடிப்பழக்கம் புகுந்த வீட்டில் படித்தவர், ஒரு சமூகப்பணியாளரின் உதவியால் மீண்டவர் என்று ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அந்த அனுபவம் அவர்களோடு களப்பணிக்கும் போகும். வகுப்பில் தொடாமல் விட்டால் களத்தில் அது தன்போக்கில் வேலை செய்யும்: ஒரு குழந்தையிடம் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வது, ஒரு தந்தையைக் கேள்வி கேட்காமலே குற்றவாளியாக்குவது, சில வீடுகளுக்குப் போவதைத் தள்ளிப்போடுவது.

ஆகவே கதைகளை வகுப்புக்குள் கொண்டுவரத்தான் வேண்டும். புதிதாக முயலும் ஆசிரியர்கள் தடுமாறுவது பெரும்பாலும் படிகளின் வரிசையில்தான். முதல் வாரமே கதையைக் கேட்டுவிட்டு, யாரோ அழுத பிறகு மறைகாப்பு விதியை, அதாவது கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதியை, பேசத் தொடங்குகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்; ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான பாதுகாப்பு.

1. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"மாணவர்கள் தங்களைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்று எழுதினால் போதாது. அதைச் சொல்லி எந்தக் கேள்வியையும் யாரிடமும் கேட்டுவிடலாம். மாறாக, "தான் உதவி கேட்டுப் போன ஓர் அனுபவத்தை வைத்து, முதல் நேர்காணலில் எது நம்பிக்கையை வளர்க்கிறது, எது குலைக்கிறது என்பதை மாணவர் விளக்க வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். எவ்வளவு கதை தேவை என்பது உடனே தெரிந்துவிடும். குழந்தைப் பருவத் துயரம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. ஓர் அலுவலகத்தில் நெடுநேரம் காக்க வைக்கப்பட்ட அனுபவமே போதும்.

அடுத்து ஒரு சோதனை: கதை இல்லாமலே இதைக் கற்பிக்க முடியுமா? முடியும் என்றால் கேட்காதீர்கள். சட்டம், நிர்வாகம், ஆய்வு முறை போன்ற பாடங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. தொழில்முறை உறவு, செவிமடுத்தல், சொந்தச் சாய்வுகளை அறிதல், மேற்பார்வையை (களத்தில் மூத்த பணியாளர் தரும் வழிகாட்டலை) பயன்படுத்துதல் ஆகிய இடங்களில்தான் சொந்த அனுபவம் வேறெதுவும் தராத ஒன்றைத் தரும்.

2. கேட்பதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் ஓர் உளவளத்துணையாளர். தொலைபேசி எண்ணைப் பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டால் வேலை முடிந்துவிடாது. அவரிடம் நேரில் பேசுங்கள். இந்தப் பயிற்சி எந்த வாரத்தில் நடக்கும், அனுப்பினால் எத்தனை நாளில் பார்ப்பார் என்று கேட்டுவையுங்கள். நீங்களே அந்த வேலையைச் செய்ய முடியாது. மதிப்பெண் போடும் கை சிகிச்சை தரும் கையாகவும் இருந்தால், மாணவர் எதையும் மறுக்கும் சுதந்திரத்தை இழக்கிறார்.

இரண்டாவது, புகாரளிக்கும் கடமை. குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகவோ, ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பதாகவோ வகுப்பில் தெரியவந்தால் சட்டப்படியும் நிறுவன விதிப்படியும் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? இது நாட்டுக்கு நாடு மாறும். கதை வெளிவந்த பிறகு விதிப்புத்தகத்தைத் தேடுவது மாணவருக்குச் செய்யும் துரோகமாகிவிடும். முன்கூட்டியே எழுத்தில் வைத்திருங்கள்.

மூன்றாவது, நேரமும் ஆட்களும். பகிர்தல் வகுப்பை நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள். மனத்தில் ஏதாவது கிளறப்பட்டால் மறுநாள் நீங்களும் துணையாளரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இன்னோர் ஆசிரியரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். யாராவது எழுந்து வெளியே போனால் ஒருவர் பின்னால் போக, மற்றவர் வகுப்போடு இருக்கலாம். ஒரு வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் அது கேட்போர் கூட்டமாகி, பேசுபவர் மேடையேறியவர் போலாகிவிடுகிறார்.

3. மறைகாப்பின் எல்லையைச் சொல்லுங்கள்

"இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது" என்று உறுதி தராதீர்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் வாய்க்கும் நீங்கள் பொறுப்பேற்க முடியாது. புகாரளிக்கும் கடமை வேறு இருக்கிறது. உண்மையை அப்படியே சொல்லுங்கள்: "நான் வெளியே சொல்ல மாட்டேன், இந்தச் சூழல்களைத் தவிர. வகுப்புத் தோழர்களும் சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் முழு உறுதி எவராலும் தர முடியாது. ஆகவே வெளியே தெரிந்தாலும் தாங்கிக்கொள்ள முடிந்ததை மட்டும் பகிருங்கள்."

இப்படிச் சொன்னால் யாரும் பேச மாட்டார்கள் என்று புதியவர்கள் அஞ்சுவார்கள். நான் பார்த்தவரை நடப்பது வேறு. எல்லை தெரிந்தவர்கள் அளவறிந்து பேசுகிறார்கள், பேசியதற்காகப் பிறகு வருந்துவதில்லை. களத்தில் சேவை பெறுநரிடம் மறைகாப்பின் எல்லையை எப்படிச் சொல்வது என்பதற்கு இதுவே அவர்கள் நேரில் பார்க்கும் முதல் மாதிரி.

இதை வாய்மொழியாக மட்டும் விடாமல் ஒரு பக்கத்தில் எழுதி, கதை கேட்பதற்கு ஒரு வாரம் முன்பாவது கொடுங்கள். வகுப்பில் நீட்டிய தாளில் அங்கேயே கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. யோசிக்க இடம் வேண்டும்.

4. மாற்றுவழியை முதல்வழிக்குச் சமமாக வையுங்கள்

சொந்தக் கதை எழுத விரும்பாதவருக்கு வேறு வழி கட்டாயம் வேண்டும். வெளியான ஒரு வாழ்க்கை வரலாற்றுப் பகுதி, பல அனுபவங்களைக் கலந்து நீங்கள் எழுதிய கற்பனை வழக்கு, பாதுகாப்பான ஓர் அன்றாட நிகழ்வு என்று மூன்றையாவது தயாராக வைத்திருங்கள்.

இங்கே மூன்று பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாற்றுவழிக்குக் கூடுதல் பக்கங்கள் கேட்பது ஒன்று. அது மறைமுகமான தண்டனை. "எனக்கு ஏன் மாற்றுவழி வேண்டும்" என்று காரணம் எழுதச் சொல்வது இன்னொன்று. காரணத்தை எழுதினால் கதையையே சொன்ன மாதிரிதான். மூன்றாவது, மாற்றுவழியைத் தேர்ந்தவர்களைத் தனிக்குழுவாக உட்கார வைப்பது. யாரிடம் சொல்ல முடியாத கதை இருக்கிறது என்று வகுப்புக்கே அறிவித்தது போலாகும். எல்லோரும் ஒரே தலைப்பில், ஒரே நீளத்தில், ஒரே நாளில் எழுதட்டும். யார் எந்த வழியில் எழுதினார் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

5. உங்கள் கதையிலிருந்து சிறிய மாதிரி ஒன்றைக் காட்டுங்கள்

மாணவர்கள் உங்களைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்வார்கள். நீங்கள் பெருந்துயரம் ஒன்றைச் சொன்னால், அதற்கு ஈடாகச் சொல்ல வேண்டும் என்ற அழுத்தம் வந்துவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால், அவர்கள் திறந்து காட்ட நீங்கள் வேடிக்கை பார்ப்பதாகத் தோன்றும். நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஏற்கெனவே ஆறிப்போனது, நீங்கள் பேசும்போது குரல் தடுமாறாதது, ஒரு தொழில்முறைப் பாடத்தில் போய் முடிவது. நான்கைந்து நிமிடம் போதும்.

சொன்ன பிறகு, எதை விட்டுவிட்டீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். "இதில் என் சகோதரனின் பங்கு உண்டு, அது அவன் சொல்ல வேண்டிய கதை, அதனால் சொல்லவில்லை." இந்த ஒரு வரி மாணவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தெளிவாகக் காட்டிவிடும்.

6. கேள்வியைக் கவனமாக அமையுங்கள்

"உங்கள் வாழ்வின் மிகக் கடினமான அனுபவத்தை எழுதுங்கள்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வகுப்பறையில் நான் கண்ட பெரும்பாலான சேதத்துக்கு இந்த ஒரு கேள்வியே காரணம். கடமையுணர்வுள்ள மாணவர் அதை நேர்மையாகவே எடுத்துக்கொண்டு, இதுவரை யாரிடமும் சொல்லாததை ஒரு வீட்டுப்பாடமாக எழுதித் தந்துவிடுவார்.

கேள்வியில் மூன்று வேலிகள் இருக்கட்டும். நிகழ்வு முடிந்து காலம் கடந்திருக்க வேண்டும். இப்போது நடந்துகொண்டிருக்கும் நெருக்கடி பாடப்பொருள் ஆகாது. ஒரே நிகழ்வாக இருக்க வேண்டும், முழு வாழ்க்கையாக இருக்கக் கூடாது. பார்வை உதவி செய்தவர் மீதோ அமைப்பு மீதோ விழ வேண்டும். காயத்தின் விவரத்தின் மீது விழக் கூடாது.

இப்படி அமைந்த சில கேள்விகள்: "உங்களுக்கு உதவ வந்த ஒருவர் சொன்ன அல்லது செய்த எது பயன்பட்டது, எது பயன்படவில்லை?" "உங்கள் வீட்டில் உதவி கேட்பது எப்படிப் பார்க்கப்பட்டது? அது இன்று உங்கள் பேச்சில் எங்கே தெரிகிறது?" "ஒருவரைப் பற்றி நீங்கள் முதலில் கொண்ட எண்ணம் மாறிய தருணம் எது?" மூன்றும் மேலோட்டமாகத் தோன்றலாம். எழுத வைத்துப் பாருங்கள், ஆழத்தை மாணவர்களே தேடிக்கொள்வார்கள்.

ஒரே பயிற்சியோடு நிறுத்தாமல் பருவம் முழுவதும் ஏணி போல ஏற்றிக்கொண்டு போவது நல்லது: முதலில் தன் பெயர் வந்த கதை அல்லது இந்தப் படிப்புக்கு வந்த காரணம், பிறகு உதவி பெற்ற அனுபவம், களப்பணி தொடங்கிய பின் களத்தில் மனத்தைத் தைத்த ஒரு சந்திப்பு.

7. இரண்டு வடிவங்கள் எழுதச் சொல்லுங்கள்

முதல் வடிவம் மாணவருக்கு மட்டும். அதை யாரிடமும் தர வேண்டாம், நீங்களும் கேட்க வேண்டாம். இரண்டாவது வடிவமே வகுப்புக்கு வரும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மூன்று நாள் இடைவெளி கொடுங்கள். எழுதிய சூட்டில் எல்லாவற்றையும் சொல்லத் தோன்றும். ஆறிய பிறகுதான் எது பிறர் கண்ணுக்கு உரியது என்று தெரியும்.

இரண்டாவது வடிவத்தில் மற்றவர்களைப் பாதுகாக்கச் சொல்லுங்கள். மாணவரின் கதையில் அம்மா, அண்ணன், பழைய நண்பர், ஆசிரியர் என்று பலர் இருப்பார்கள். அவர்கள் யாரும் ஒப்புதல் தரவில்லை. பெயர், ஊர், தொழில், நோயின் பெயர் ஆகியவற்றில் அடையாளம் காட்டுவதை மாற்றவோ நீக்கவோ வேண்டும். களப்பணிப் பதிவில் சேவை பெறுநரின் அடையாளத்தை மறைக்கும் அதே பழக்கம் இது. சொந்தக் குடும்பத்தில் தொடங்கினால் நன்றாகப் பதியும்.

8. பகிரும் வகுப்பு

முழு வகுப்பின் முன் வாசிக்கச் சொல்லித் தொடங்காதீர்கள். இருவராக, பிறகு மூவராக, விருப்பமுள்ளவர் மட்டும் வட்டத்தில். மூவர் குழுவில் ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கேட்பவரைக் கவனிக்கட்டும். மூன்றாமவரின் பார்வை கதை மீது விழாமல் செவிமடுக்கும் முறை மீது விழுவதால், பேசுபவர் ஆய்வுப்பொருள் ஆவதில்லை.

கேட்பவருக்கு விதி தெளிவாக இருக்கட்டும். அறிவுரை கூடாது. "எனக்கும் இப்படித்தான்" என்று தன் கதைக்குத் தாவுவது கூடாது. "ஏன்" என்று தொடங்கும் கேள்வி கூடாது. அது விசாரணைபோல் ஒலிக்கும். கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, "சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று கேட்டால் போதும்.

அழுகை வந்தால் பதற வேண்டாம், அதைக் கொண்டாடவும் வேண்டாம். "நிறுத்தலாமா, தொடரலாமா, வெளியே போய் வரலாமா?" என்று தேர்வைப் பேசுபவரிடமே கொடுங்கள். வகுப்பு முழுக்க அவரைச் சூழ்ந்து ஆறுதல் சொல்ல விடாதீர்கள். அமைதியாகக் காத்திருப்பது மரியாதை. யாராவது கண்ணீர் விட்டால்தான் வகுப்பு வெற்றி என்று நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. அந்த எண்ணம் வகுப்பில் எப்படியோ கசிந்து, மாணவர்கள் துயரத்தில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடத் தொடங்கிவிடுவார்கள்.

ஒடுக்கப்பட்ட அல்லது சிறுபான்மைப் பின்னணியிலிருந்து வந்தவரிடம் "உங்கள் சமூகத்தில் இது எப்படி?" என்று கேட்பதையும் தடுங்கள். அவர் தன் அனுபவத்தைச் சொல்ல வந்தவர். ஒரு சமூகத்துக்கே சாட்சி சொல்லும் சுமையை அவர் தலையில் ஏற்றக் கூடாது.

பகிர்தல் முடிந்ததும் அப்படியே கலைந்துவிடாதீர்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் கதையிலிருந்து வெளியே வருவதற்கு வையுங்கள்: இன்று கேட்டல் பற்றி என்ன கற்றோம், அடுத்து எங்கே போகப் போகிறோம் போன்ற எளிய கேள்விகள்.

9. கதையிலிருந்து தொழிலுக்குக் கொண்டுவாருங்கள்

பலர் எட்டாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். கதை சொன்னார்கள், மனம் நெகிழ்ந்தது, வகுப்பு முடிந்தது. சமூகப்பணிக் கல்வி இங்கேதான் தொடங்குகிறது என்பதால் இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. பத்து வயதில், படுக்கையில் கிடந்த தாயையும் தம்பியையும் கவனித்த மாணவி ஒருவர் எழுதுகிறார்: "பள்ளியில் யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஓர் ஆசிரியை மட்டும், 'இன்று சாப்பிட்டாயா?' என்று தினமும் கேட்டார். அதனால்தான் நான் சமூகப்பணிக்கு வந்தேன். இப்படிப்பட்ட குழந்தைகளின் மனம் எனக்கு நன்றாகத் தெரியும்."

முதலில், கடைசி வரியைப் பிடியுங்கள். "நன்றாகத் தெரியும்" என்ற உறுதிதான் களத்தில் இடறும் கல். அவருக்குத் தெரிந்தது ஒரு குழந்தையின் மனம். அவர் சந்திக்கப்போகும் சிறுவன் வீட்டு வேலையில் பெருமை கொள்பவனாக இருக்கலாம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் அவமானப்படுபவனாகவும் இருக்கலாம். "உன் அனுபவம் எந்தக் கேள்வியைக் கேட்கத் தூண்டுகிறது? எந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் தடுக்கிறது?" என்று கேளுங்கள். பதிலை இரண்டு பத்திகளாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, கோட்பாட்டை உள்ளே கொண்டுவாருங்கள். 1957இல் சமூகப்பணி அறிஞர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் முன்வைத்த தனிநபர் சமூகப்பணி உறவின் ஏழு கொள்கைகள் இங்கே நன்கு பயன்படும்: ஒவ்வொருவரையும் தனித்தன்மையோடு பார்த்தல், உணர்வை நோக்கத்தோடு வெளிப்படுத்த இடம் தருதல், கட்டுப்பாட்டோடு கூடிய உணர்வு ஈடுபாடு, ஏற்றுக்கொள்ளல், தீர்ப்பு வழங்காமை, தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை, மறைகாப்பு. அந்த ஆசிரியையின் நடத்தையில் எது இருந்தது, எது இல்லை என்று மாணவி தேடட்டும். தினமும் கேட்டாரே தவிர, வேறு உதவிக்கு ஏன் வழி செய்யவில்லை என்ற கேள்வி வரும். நன்றியோடு நினைக்கும் ஒருவரைத் தொழில்முறைக் கண்ணால் பார்ப்பது கடினமான பயிற்சி. அவசரப்படுத்தாதீர்கள்.

மூன்றாவதாக, பார்வையை மேலே நகர்த்துங்கள். கதை எப்போதும் தனிமனிதரில் தொடங்கும். அங்கேயே முடிந்தால் "மன உறுதி இருந்தால் வெல்லலாம்" என்ற பாடம்தான் மிஞ்சும். 2014இல் பன்னாட்டுச் சமூகப்பணி அமைப்புகள் ஏற்ற சமூகப்பணி வரையறை சமூக நீதி, மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு ஆகியவற்றை இத்தொழிலின் மையத்தில் வைக்கிறது. ஆகவே கேளுங்கள்: வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் ஆதரவு ஏன் கிடைக்கவில்லை? பள்ளியின் வருகைப் பதிவேடு எதைக் கண்டது, எதைக் காணவில்லை? எந்த விதி மாறினால் இன்னொரு பத்து வயதுக் குழந்தைக்கு இது நடக்காது?

இதற்கு ஈகோமேப் நல்ல கருவி. சமூகப்பணி அறிஞர் ஆன் ஹார்ட்மன் 1970களில் உருவாக்கிய இந்த வரைபடத்தில் குடும்பம் நடு வட்டத்தில் இருக்கும். பள்ளி, உறவினர், மருத்துவம், வேலை போன்றவை சுற்றிலும் வட்டங்களாக இருக்கும். வலுவான உறவுக்குத் தடித்த கோடு, நலிந்ததற்குப் புள்ளிக்கோடு, பிணக்குக்கு வெட்டுக்கோடு. தன் பத்து வயதை வரைந்து பார்க்கும் மாணவி, எங்கே கோடே இல்லை என்பதைக் கண்ணால் காண்கிறார். கதையைச் சொல்வதைவிட வரைவது பலருக்கு எளிதாக இருப்பதையும் கவனித்திருக்கிறேன்.

எழுத்து வடிவத்துக்குக் கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் 1988இல் தந்த, அனுபவத்தை அசைபோட உதவும் சுழற்சி போதும்: நிகழ்வு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். புதிய மாணவர்கள் முதல் இரண்டிலேயே முக்கால் பக்கத்தைச் செலவிடுவார்கள். நிகழ்வும் உணர்வும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அளவு சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, களத்தில் இந்தக் கதையைச் சொல்லலாமா என்று விவாதியுங்கள். சேவை பெறுநரிடம் சொந்த அனுபவத்தைச் சொல்ல ஆசை வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யாருக்காக? என் மனம் இலேசாவதற்காக என்றால் அதன் இடம் மேற்பார்வையாளர் அறை.

10. மதிப்பெண் போடும் முறை

கதைக்கு மதிப்பெண் கிடையாது. துயரத்தின் அளவு, நடையின் அழகு, வெளிப்படைத்தன்மை எதற்கும் கிடையாது. ஒன்பதாம் படியில் செய்த வேலைக்கே மதிப்பெண்: கோட்பாட்டோடு இணைத்தது, சொந்தச் சாய்வை அடையாளம் கண்டது, அமைப்புநிலைப் பார்வை, களத்துக்கான செயல்திட்டம். மாணவர்கள் எழுதத் தொடங்கும் முன்பே அளவுகோலைக் கொடுங்கள். மாற்றுவழியில் எழுதியவருக்கும் அதே அளவுகோல்.

விளிம்பில் எழுதும் குறிப்பிலும் கவனம் வேண்டும். உருக்கமான பத்தியின் பக்கத்தில் "தெளிவில்லை" என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு வலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கதைப் பகுதிக்கு ஒரு மனிதராகப் பதில் எழுதுங்கள்: "இதைப் பகிர்ந்ததற்கு நன்றி." திருத்தங்களைப் பகுப்பாய்வுப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

11. முடிந்த பிறகு

இரண்டு மூன்று நாளில் ஒவ்வொருவரிடமும் சுருக்கமாகப் பேசுங்கள். பகிர்ந்த அன்று நன்றாக இருப்பவர் இரண்டு நாள் கழித்து "ஏன் சொன்னேன்" என்று கூசக்கூடும். "எப்படி இருக்கிறீர்கள்? ஏதாவது திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புகிறீர்களா?" என்று கேட்டால் போதும். எல்லோரிடமும் கேளுங்கள், அழுதவரிடம் மட்டும் கேட்டால் அவர் குறிக்கப்பட்டவர் ஆகிவிடுவார்.

தாள்களைத் திருப்பிக் கொடுங்கள், மின்கோப்புகளை மதிப்பெண் உறுதியானதும் நீக்குங்கள். உங்கள் நிறுவனம் விடைத்தாள்களைச் சேமிக்கச் சொன்னால், பகுப்பாய்வுப் பகுதியை மட்டும் சேமிக்கும்படி பணியைத் தொடக்கத்திலேயே இரண்டு தாள்களாகப் பிரித்துவிடலாம்.

நல்ல கதை ஒன்றை அடுத்த ஆண்டு வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்ல ஆசை வரும். கருத்தரங்கில் சொல்லவும், நிறுவன மலரில் போடவும் கேட்பார்கள். முதலில் வாங்கிய ஒப்புதல் அந்த ஒரு வகுப்புக்கு மட்டுமே. புதிய பயனுக்குப் புதிய ஒப்புதல் வேண்டும். அதையும் மதிப்பெண் வெளியான பிறகு, மாணவர் உங்கள் கையில் இல்லாத நிலையில் கேளுங்கள். பெயரை மாற்றிவிட்டோம் என்பது காரணமாகாது, தன் கதையைக் கேட்டால் அவருக்கு அது தன்னுடையது என்று தெரியும்.

களப்பணி மேற்பார்வையாளரிடம் எதைச் சொல்லலாம் என்பதையும் மாணவரோடு பேசி முடிவு செய்யுங்கள். மேற்பார்வையாளருக்குக் கதை தேவையில்லை. "இந்த வகை வழக்குகளில் எனக்குக் கூடுதல் மேற்பார்வை வேண்டும்" என்ற ஒரு வரி போதும். அதையும் மாணவரே தன் வாயால் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.